கிரய ஒப்பந்தமும் மலைத்தோட்ட வழக்குகளும்

(போடிநாயக்கனூரில் நமது சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியைப் பற்றியும் சிக்கனத்தைப் பற்றியும் இம்மேடையில் பல பிரசங்கங்கள் நிகழ்ந்திருக்கின்றன. இம்முறை நிலக்கிரய வழக்குகளைப் பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டார்கள். காரணம் சொல்ல வேண்டுவதில்லை. நம்மவருள் இன்று முகத்தில் விழிக்காமல் நிற்கும் குடும்பங்களை எண்ணிப் பார்ப்பின், அவற்றுட் பல மதபேதத்தாலோ அரசியலாலோ பிரிந்தவை அல்ல. ஓர் ஏலத்தோட்டத்திற்கு அச்சாரம் கைமாறி, பத்திரம் முடியாமல் நின்றுபோன விவகாரத்தால் பிரிந்தவை. பணம் கொடுத்தவர் மருமகன், வாங்கியவர் தாய்மாமன். ஒரு வீட்டுக் கலியாணத்திற்கு மற்றொரு வீட்டார் போவதில்லை. ஏன் போவதில்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியவும் தெரியாது. ஊரார் கேட்டால், "அது கோர்ட்டில் இருக்கிறது" என்று மட்டும் விடை வருகிறது.

இவ்விஷயத்தில் முதற்கண் தெளிய வேண்டுவது ஒன்றுண்டு. கிரய ஒப்பந்தம் வேறு. கிரய சாசனம் வேறு. "அக்ரிமெண்டு போட்டாயிற்று" என்றவுடன் வாங்குபவர் வீட்டார் தோட்டத்தைத் தமதென்றே பேசத் தொடங்குகின்றனர். விற்பவரோ, "பத்திரம் ஆகவில்லையே, இன்னும் என் பேரில்தானே இருக்கிறது" என்று சொல்லி வேறொருவருக்கும் விலை பேசுகிறார். இருவர் எண்ணமும் தவறென்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தைப் படிப்பார்க்கு விளங்கும். அச்சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி ஒப்பந்தமானது தன்னளவில் அந்நிலத்தின்மீது எவ்வித உரிமையையும் உண்டாக்குவதில்லை. ஆயினும் அது வெற்றுக் காகிதமும் அன்று. பேசியபடி கிரயம் செய்து கொடுக்குமாறு விற்பவரைக் கட்டாயப்படுத்தவேண்டுமென்று கோர்ட்டாரைக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு அதனால் பிறக்கிறது. ஒப்பந்தம் இருப்பதை அறிந்தே அந்நிலத்தை வாங்கும் மூன்றாம் மனிதரையும் அவ்வுரிமை தொடரும். வாங்குபவர் தம்முடைய குற்றத்தால் விலகாதவரையில், அவர் முன்கூட்டிக் கொடுத்த பணத்திற்கு அந்நிலமே ஈடாக நிற்குமென்று 55-ஆவது பிரிவு வேறாக விதித்திருக்கிறது.

ஆகவே ஒப்பந்தமென்பது ஒரு வாக்கு. காலக்கெடுவோடு கூடிய வாக்கு. அச்சாரம் கொடுத்த நாளுக்கும் ரிஜிஸ்தர் கச்சேரியில் சாசனம் பதிவாகும் நாளுக்கும் இடையில் இரு கட்சியாரும் என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் இருந்தார்கள் என்பதைக் கொண்டே அவ்வாக்கின் கதி நிர்ணயமாகிறது. நம்மவர் விலை பேசும்போது காட்டுகிற ஜாக்கிரதையில் பத்திலொரு பங்கை இந்த இடைக்காலத்தில் காட்டுவதில்லை. நான் சொல்ல வந்ததெல்லாம் இதனுள் அடங்கும்.

சமவெளியில் நெல் வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் இவ்விதச் சச்சரவு இல்லாமல் இல்லை. எனினும் மலைச்சரிவில் அஃது அதிகம். அதற்குக் காரணம் ஏலக்காயின் விலை. நம் ஊரிலும், மலைக்கு அப்பால் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. காலையில் அங்கே கூறும் விலையைக் கேட்டே மாலையில் தோட்டத்தின் மதிப்பைப் பேசுகின்றனர். 2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் அழித்தது. மறுவருஷம் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தது. காய் குறைந்தது, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்த விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. அதே காய் 2022-இல் சராசரியாக ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது.

இதன் பயனை யோசித்துப் பாருங்கள். 2018-இல் ஒப்பந்தம் எழுதிப் பதினொரு மாதக் கெடு வைத்தவர்களுள் விற்பவருக்கு 2019-இல் மனம் மாறிற்று. "மச்சான், பிள்ளைகள் சம்மதிக்கவில்லை" என்றார். 2019-இன் உச்சத்தில் ஒப்பந்தம் எழுதியவர்களுள் வாங்குபவருக்கு 2021-இல் மனம் மாறிற்று. "மாமா, பாங்கிக் கடன் கிடைக்கவில்லை, அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். மனிதர் பொல்லாதவர் என்பதன்று. நிலத்தின் விலை நின்ற இடத்தில் நில்லாதபோது, கெடு நீளுந்தோறும் இருவரில் ஒருவருக்கு வாக்கை மீறுவதில் இலாபம் பிறந்துகொண்டேயிருக்கிறது. ஆகையால் ஏலத்தோட்டத்திற்குப் பதினொரு மாதம், இரண்டு வருஷம் என்று கெடு வைப்பதே முதற் பிழை என்பது என் அபிப்பிராயம். மூன்று மாதத்தில் பணம் புரட்ட இயலாதவர் அத்தோட்டத்தை வாங்க நினைப்பதும் யோசிக்கத்தக்கதே.

நிற்க. கெடு கடந்தபின் சும்மா இருந்தவர் கதி யாதாகும் என்பதற்கு நம் பிரதேசத்து வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மதுரை நகரில் ஒரு வீட்டிற்கு 1978 டிசம்பர் 15-ஆம் தேதி கிரய ஒப்பந்தம் எழுதப்பட்டது. போடி அக்காலத்தில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்ததே. 1996-இல் அன்றோ தேனி தனி மாவட்டமாயிற்று! விலை 60,000 ரூபாய். அச்சாரம் 5,000 ரூபாய். ஆறு மாதத்திற்குள் வாங்குபவர் முத்திரைத் தாள் வாங்கி, பாக்கியைச் செலுத்தி, கிரயம் முடித்துக்கொள்ள வேண்டுமென்பது ஏற்பாடு. 1979 ஜூன் 15-உடன் அக்கெடு முடிந்தது. வாங்குபவரின் நோட்டீசு 1981 ஜூலை 11-இல்தான் பிறந்தது. அதன்பின் தாவா. அது கீழ்க்கோர்ட்டு, ஹைகோர்ட்டு எல்லாம் ஏறி, 1997 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்தது. ஒப்பந்தம் எழுதிய ஆண்டில் பிறந்த குழந்தைக்குத் தீர்ப்பு வந்தபோது பதினெட்டு வயது கடந்திருக்கும்.

நீதிபதி ஜீவன் ரெட்டி அவர்கள் எழுதிய அத்தீர்ப்பின் கருத்தைச் சுருங்கச் சொல்கிறேன். இவ்வித தாவாவைத் தொடுக்கக் காலவரம்புச் சட்டம் மூன்று வருஷம் கொடுத்திருப்பது மெய்யே. ஆனால் மூன்று வருஷம் இருக்கிறதென்று வாங்குபவர் கைகட்டி இருந்துவிட்டுக் கடைசி மாதத்தில் எழுந்து வந்து கிரயம் கேட்பது நியாயமாகாது. இரு கட்சியாரும் கெடு குறித்து எழுதினார்களென்றால் அதற்கு ஏதோ பொருள் இருக்கவேண்டும். ஸ்தாவர சொத்தின் கிரயத்தில் காலம் முக்கியமன்று என்ற பழைய விதி விலைவாசி அசையாதிருந்த காலத்தில் எழுந்தது. நகரத்து நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறும் காலத்தில் அதனை அப்படியே பிடித்துக்கொள்ளல் ஆகாது. பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டரை வருஷம் மௌனம் சாதித்தவருக்கு அவ்வீடு கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற மற்றொரு வழக்கிலும் 2011-இல் அதே கோர்ட்டார் இக்கொள்கையை வற்புறுத்தியிருக்கின்றனர். நகரத்து வீட்டைப் பற்றி அவர்கள் கூறியது ஏலக்காய் விலையோடு ஏறியிறங்கும் தோட்டத்திற்கு இன்னும் அதிகமாய்ப் பொருந்தாதா?

இதன்பின் 2018-இல் குறித்த பரிகாரச் சட்டம் திருத்தப்பெற்று, அவ்வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்தது. கிரயம் செய்து கொடுக்கும்படி உத்தரவிடுவதா வேண்டாவா என்று நீதிபதி தம் மனம்போல் யோசிப்பதற்கு முன்பிருந்த இடம் அத்திருத்தத்தால் பெரிதும் சுருங்கிற்று. இதைக் கேட்டு, "இனி அக்ரிமெண்டு இருந்தால் போதும், நிலம் வந்துவிடும்" என்று நம்மவருள் சிலர் மகிழ்வதாய்த் தெரிகிறது. அவ்வாறன்று. தாம் எந்நாளும் தயாராகவும் சம்மதமாகவும் இருந்ததாக வாங்குபவர் ருசுப்படுத்தவேண்டுமென்ற விதி போகவில்லை, அப்படியே நிற்கிறது. தயார் என்பது பணத்தைப் பற்றியது. சம்மதம் என்பது மனத்தைப் பற்றியது. பணம் இருந்ததற்குப் பாங்கிக் கணக்கு சாட்சி. மனம் இருந்ததற்குக் கெடுவிற்குள் அனுப்பிய நோட்டீசும், குறித்த நாளில் ரிஜிஸ்தர் கச்சேரிக்குப் போய்க் காத்திருந்ததும் சாட்சி. "நேரில் பலமுறை கேட்டேன்" என்று கூண்டில் நின்று சொல்வதைக் குறுக்கு விசாரணையில் வக்கீல் ஒரு நொடியில் உதிர்த்துவிடுவார். மாமனுக்கு நோட்டீசு விடுவதா என்று கூசுவோர் உண்டு. அந்தக் கூச்சத்தின் விலை தோட்டம் என்பதை அவர்கள் அறிவதில்லை. ஒரு கடிதம் மரியாதையாய் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினால் எந்த உறவும் முறிவதில்லை.

காலவரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கெடு குறித்த ஒப்பந்தமாயின் அக்கெடு நாளிலிருந்தும், கெடு குறியாததாயின் கிரயம் செய்ய மாட்டேன் என்று விற்பவர் மறுத்தது வாங்குபவருக்குத் தெரிந்த நாளிலிருந்தும் மூன்று வருஷம். இதில் நம் சங்கத்துப் பெரியோர் பொறுக்க வேண்டும். ஊரில் பெரிய மனிதர் இருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் காலவரம்பு ஓடாமல் நிற்கும் என்று பலர் நம்புகின்றனர். அது நிற்பதில்லை. பங்குனித் திருவிழா கழியட்டும், தேர்தல் கழியட்டும், காய் எடுப்பு முடியட்டும் என்று பஞ்சாயத்து மூன்று வருஷம் ஒத்திப்போட்டால், நான்காம் வருஷம் கோர்ட்டுக் கதவு சாத்தியிருக்கும். சமாதானம் பேச வந்தவர்களே ஒரு கட்சியின் உரிமையை அழித்தவர்கள் ஆவார்கள்.

அடுத்தது பதிவு. நம் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1-ஆம் தேதி முதல், நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள ஸ்தாவர சொத்தின் கிரய ஒப்பந்தம் கட்டாயமாய்ப் பதிவு செய்யப்பெற வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைக் கொண்டு தாவா தொடுக்க முடியுமா என்ற கேள்வி எழுந்து, 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் அதனைத் தீர்த்தனர். கிரயம் கோரும் தாவாவில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாய் எடுக்கலாம் என்பது முடிவு. அதுவும் தமிழ்நாட்டு வழக்கே. இதனைப் பிடித்துக்கொண்டு பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டா. பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். ஏறினால் பின்னர் வாங்குபவன் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வழியில்லை. பதியாவிடில் மூன்றாம் மனிதன் தெரியாமல் விலை கொடுத்து வாங்கி நிற்பான். அவனை அசைப்பது மிக அரிது.

மலைத்தோட்டத்தில் இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. அச்சாரம் கொடுத்தவுடன் சுவாதீனத்தை ஒப்படைத்துவிடுகிறார்கள். வாங்குபவர் பழைய ஏலச் செடியைப் பிடுங்கிப் புதுச்செடி நடுகிறார். நிழல் மரத்தைக் கவாத்துச் செய்கிறார். காய் உலர்த்தும் ஸ்டோர் கட்டுகிறார். நட்ட செடி பலன் தர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும். அது காய்க்கத் தொடங்கும் வேளையில் விற்பவர் மனம் மாறுகிறது. தாம் சுவாதீனத்தில் இருப்பதே தமக்குக் காப்பு என்று வாங்குபவர் எண்ணுகிறார். சொத்து மாற்றச் சட்டத்தின் 53-அ பிரிவு அத்தகையவரை வெளியேற்ற விடாமல் காப்பது உண்மையே. ஆனால் 2001 செப்டம்பர் 24-ஆம் தேதிக்குப் பின் எழுதிய ஒப்பந்தமாயின், அது பதிவாகியிருந்தாலன்றி அக்காப்பு இல்லை. பதியாத காகிதத்தை நம்பி லட்சக்கணக்கில் நிலத்தில் இறக்கியவர்கள் நம்முள் இருக்கிறார்கள். அவர்கள் இக்கூட்டம் கலைந்ததும் ஒரு நல்ல வக்கீலைப் பார்ப்பது நலம். சுவாதீனம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், இடைக்காலத்தில் ஒவ்வொரு காய் எடுப்பின் வருமானமும் எவரைச் சேரும், கூலியும் உரச்செலவும் எவர் தலைமேல், கிரயம் தவறினால் புதுச்செடிக்கு என்ன கணக்கு என்பனவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். இம்மூன்றையும் எழுதிய ஒப்பந்தத்தைக் காண்பது அரிது. பெரும்பாலும் பத்திர எழுத்தர் வைத்திருக்கும் பழைய நகலில் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றி எழுதுவதோடு சரி.

ஒப்பந்த விலை வேறு, பேசிய விலை வேறு என்ற பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து இந்நாட்டில் இப்போது நூற்றுக்கு ஒன்பது ஆகிறது. அதற்கு அஞ்சிப் பாதி விலையைக் காகிதத்திலும் பாதியை மஞ்சள் பையிலும் வைக்கின்றனர். வழக்கு வந்தால் மஞ்சள் பைக்கு வாயில்லை. நாற்பது லட்சம் கொடுத்தவர் இருபது லட்சத்திற்கே ருசு காட்ட முடியும். நாற்பதுக்கு விற்றவர், பாக்கி வரவில்லையென்று சொல்லவும் முடியாது. அன்றியும், நிலக்கிரயத்தின் முன்பணமாக இருபதினாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாய் வாங்கலாகாது என்று 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் பெங்களூர் நிலத்தைப் பற்றிய ஒரு வழக்கில், எழுபத்தைந்து லட்சம் ரூபாய் ரொக்கமாய் அச்சாரம் கொடுத்ததாகச் சிலர் கூற, சுப்ரீம் கோர்ட்டார் அவர்கள் தாவாவை நிராகரித்ததோடு, இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கைமாறியதாகக் கூறும் வழக்குகளை வருமான வரி இலாகாவிற்கு அறிவிக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டனர். இனிமேல் மஞ்சள் பையின் கதையைக் கோர்ட்டில் சொல்பவர், வழக்கில் வென்றாலும் வரி இலாகாவில் நிற்க நேரிடும்.

இனி மலைக்கு மேலே போவோம். நம் தொழில் எக்காலத்தும் மேலும் கீழுமாய் நடப்பதே. கண்ணன் தேவன் மலைத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாய்க் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்த காலத்தைப் பெரியோர் வாயிலாய்க் கேட்டவர் பலர். 1924-ஆம் வருஷ வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரெயில் பாதையை அடித்துச் சென்றபோதும் மலை வியாபாரம் நிற்கவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாகாணங்கள் பிரிந்து தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்ற பின்னும், போடிமெட்டு வளைவுகளில் ஏறி அப்பால் தோட்டம் வைத்திருப்போர் நம்முள் மிகுதி. ஆகையால் ஒரே குடும்பத்தின் நிலம் இரு ராஜ்யங்களின் சட்டத்திற்கு உட்பட்டிருக்கிறது.

கீழ்ச்சரிவில், குரங்கணி கொட்டகுடிப் பக்கத்து நிலமாயின், பட்டா எவ்வழி வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் கிராமங்கள் ரயத்துவாரியாக மாறின. அதற்கு முந்திய ஜமீன் காகிதத்தை மட்டும் காட்டுபவரிடம் அதற்குப் பின் வந்த பட்டாவையும் கேளுங்கள். 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்ட நிலமாயின், உரிய அதிகாரிகளின் முன் அனுமதியின்றி அதனை விற்க இயலாது. அனுமதி வேண்டிய நிலத்திற்கு ஒப்பந்தம் எழுதுகையில், மனுச் செய்பவர் யார், எத்தனை நாளில், கிடையாவிடில் பணம் எப்போது திரும்பும் என்று எழுதாமல் விடுவது, பின்னால் வரும் வழக்கிற்கு இப்போதே அச்சாரம் கொடுப்பதாகும்.

மேலே, உடும்பஞ்சோலை தாலுகாவிலும் அதனை அடுத்தும், விஷயம் இன்னும் நுட்பமானது. திருவிதாங்கூர் அரசாங்கம் 1897 ஆகஸ்டில் ஏலமலையைக் காப்புக் காடாக விளம்பரம் செய்தது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்றுவரை வழக்காய் நிற்கிறது. ஓர் எண்ணுக்கு முன் ஓர் இரண்டு இருந்ததா இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உரிமை தொங்குவதைப் பாருங்கள்! 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார் அப்பகுதியில் புதிதாய்ப் பட்டா வழங்கலாகாது என்று இடைக்கால உத்தரவு செய்தனர். அங்கே நிலம் ரெவின்யூ இலாகாவினுடையதாகவும் மரம் காட்டிலாகாவின் அதிகாரத்திலும் இருப்பது நம் தோட்டக்காரர் அறிந்ததே. பட்டா நிலம் உண்டு. ஏல விவசாயத்திற்கென்று அரசாங்கத்தார் கொடுத்த குத்தகை நிலம் உண்டு. வெறுங் கைவசத்தில் இருக்கும் நிலமும் உண்டு. விற்பவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவே வாங்குபவருக்குச் செல்லும். "சகல பாத்தியதைகளுடன்" என்று அழகாய் எழுதிவிட்டதனால் குத்தகை பட்டாவாகிவிடாது. ஆகவே மேலுள்ள நிலத்திற்கு ஒப்பந்தம் எழுதுவோர், மூலப் பத்திரம் மலையாளத்தில் இருப்பின் அதனை நம்பத்தக்கவரைக் கொண்டு வரிவரியாய்ப் படிப்பித்து, இன்ன விதமான உரிமை என்று ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டும். கிரய சாசனமும் அந்நிலம் இருக்கும் இடத்து ரிஜிஸ்தர் கச்சேரியில்தான் பதிவாகும். நிலத்தைப் பற்றிய தாவாவும் சாதாரணமாய் அவ்விடத்துக் கோர்ட்டிலேயே நடக்கும். வாய்தாவிற்கு வாய்தா மலையேறும் செலவை அச்சாரம் கொடுக்கும் நாளில் எவரும் நினைப்பதில்லை.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் ஒருவரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, "தம்பிமார் என் பேச்சைத் தட்ட மாட்டார்கள்" என்பார். தம்பிமார் தட்டாவிட்டாலும், தங்கைமார் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வருவதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்கு கொடுத்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச்சு 25 முதல் அமலுக்கு வந்தது. மத்திய சர்க்காரின் திருத்தம் 2005-இல் வந்தது. அத்தேதியில் தந்தை உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பால் உரிமையுண்டென்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டார் முடிவு செய்தனர். கம்பத்தில் கட்டிக்கொடுத்த தங்கை, சின்னமனூரில் கட்டிக்கொடுத்த அக்காள், இவர்களைக் கேளாமல் எழுதிய ஒப்பந்தம் அண்ணனின் பங்களவிற்கே நிற்கும். சீர் செய்தோம், நகை போட்டோம் என்பது அதற்கு விடையாகாது. பெண்கள் இங்கு வந்திருப்பதனால் இதனை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் கையெழுத்தைக் கேட்டு வரும்போது காகிதத்தை வாங்கிப் படித்தபின் இடுங்கள். மைனருக்குத் தனியே உரிய சொத்தாயின் கோர்ட்டு அனுமதியின்றி விற்க 1956-ஆம் வருஷச் சட்டம் இடங்கொடாது.

வழக்கு வந்துவிட்டது, இனி என்ன செய்வது என்று கேட்போருக்கு வருகிறேன். சங்கத்தார் கையில் தண்டனை அதிகாரம் எதுவுமில்லை. அபராதம் விதிப்பது, கோவில் வரி வாங்க மறுப்பது, ஒதுக்கி வைப்பது ஆகியவை சட்ட விரோதம். அவ்வித முறையைக் கட்டப் பஞ்சாயத்து என்று ஹைகோர்ட்டார் கண்டித்திருப்பதையும் அறிவீர்கள். இரு கட்சியாரும் மனமொப்பி வந்தால் மட்டுமே நாம் உட்காரலாம். உட்கார்ந்தால், கெடு நாளிலிருந்து எத்தனை மாதம் கழிந்தது என்பதை முதற் கேள்வியாய்க் கேட்க வேண்டும். அறுபது நாளுக்குள் முடிவு ஏற்படாவிடில் அவரவர் வழியில் கோர்ட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

முடிவு எவ்விதம் செய்யலாம்? ஒன்று, கெடு கடந்ததற்குக் காரணம் வாங்குபவராயின், விலையைச் சற்று உயர்த்திக் கிரயம் முடித்தல். இன்னொன்று, அச்சாரத்தை நியாய வட்டியோடு திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்தல். அந்த ரத்தையும் பதிய வேண்டும். இல்லாவிடில் வில்லங்கச் சான்றில் பழைய ஒப்பந்தம் முள்ளாய் நின்று, பேரன் காலத்திலும் குத்தும். இவை எல்லாரும் அறிந்தவை. எனக்கு மிகவும் உகந்தது மூன்றாவது வழி. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஆறு ஏக்கரா தோட்டம், பேசிய விலை அறுபது லட்சம், சிறுகச் சிறுக முப்பது லட்சம் கொடுத்தாயிற்று, மேலே கொடுக்க வாங்குபவருக்குச் சக்தியில்லை, திருப்பிக் கொடுக்க விற்பவரிடம் பணமில்லை, அது மகள் கலியாணத்தில் செலவழிந்துவிட்டது. இந்நிலையில் மூன்று ஏக்கராவை அளந்து, பிரித்து, அன்றைக்கே கிரயம் எழுதிவிட்டால் வழக்கே இல்லை. ஆனால் மலையில் ஏக்கராக் கணக்கு மட்டும் போதாது. தண்ணீர் ஓடை எப்பக்கம், ஜீப்பு வழி எவர் நிலத்தினூடே, ஸ்டோர் யாருக்கு, நல்ல காய்ப்புள்ள செடி எச்சரிவில் என்பனவற்றை நேரில் நடந்து பார்த்தவரே பிரிக்க வேண்டும். வழிப் பாத்தியதையையும் தண்ணீர் முறையையும் இரு சாசனங்களிலும் எழுத வேண்டும். இதற்கு வக்கீலைக் காட்டிலும் நாற்பது வருஷம் தோட்டம் பார்த்த கங்காணி ஒருவர் அதிகம் பயன்படுவார். கோர்ட்டாரால் இவ்வளவு தூரம் இறங்கிப் பிரிக்க இயலாது; நம்மால் இயலும். பஞ்சாயத்தின் பெருமை இவ்விடத்தில்தான் இருக்கிறது.

அவ்விதம் பேசி முடித்ததை வாய்ப்பேச்சாய் விடலாகாது; இருபது ரூபாய்த் தாளில் முச்சலிக்கா எழுதிப் பெட்டியில் வைப்பதும் போதாது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி நடக்கும் லோக் அதாலத்தில் அதனைச் சமர்ப்பித்தால், அங்கே செய்யும் தீர்ப்பு கோர்ட்டு டிக்ரியோடு ஒத்தது. அதன்மேல் அப்பீல் இல்லை. வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தாவா போடுவதற்கு முன்னும் அங்கே போகலாம். தேனியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மனுவிற்குச் செலவில்லை.

ஆகவே நான் காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். கிரயம் முடியாமல் நிற்கும் ஒப்பந்தம் வைத்திருக்கும் அங்கத்தினர், ஒப்பந்த நகல், அச்சார ரசீதுகள், அண்மையில் எடுத்த வில்லங்கச் சான்று, பட்டா நகல் ஆகியவற்றைச் சங்கத்தில் கொடுக்கட்டும். கெடு முடிந்து இரண்டு வருஷம் கடந்தவற்றை முதலிலும், மற்றவற்றைப் பிறகும் எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷம் ஆகச் சில வாரமே இருப்பவர்கள் எங்களுக்காகக் காத்திராமல் நேரே வக்கீலிடம் போகவேண்டியது. தாவா போட்டபின்னும் சமாதானம் பேச இடமுண்டு.